தேசம்மா அண்ணியின் நெற்றிச் சுளிப்பு

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பொன்னேரி கிளினிக்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் அவள். கெட்டிக்காரி, பொறுமையும் உண்டு. ஆனால் எதற்கும் ஒரே வரியில் பதில் வேண்டும் அவளுக்கு.

"சிஸ்டர், போடாக்ஸ் நல்லதா ஃபில்லர் நல்லதானு பேஷண்ட்ஸ் கேக்கறாங்க. நான் எதைச் சொல்றது?" என்றாள்.

மதியம் சாப்பிட்டு முடித்து, கடல் காற்று வருகிற பக்கமாகப் பாயை விரித்துப் படுக்கப் போகும் நேரம். அந்தத் தூக்கத்துக்காகவே ஓய்வு பெற்றவள் நான். வலையா தூண்டிலா, எது நல்லது என்று உன்னிடம் ஒருவர் கேட்டால் என்ன சொல்வாய் என்று திருப்பிக் கேட்டேன். எனக்கு மீனே பிடிக்காது சிஸ்டர் என்றாள். அனுப்பம்பட்டில் நெல் விளைகிற வீட்டுப் பெண். அவளிடம் போய் இதைக் கேட்டது என் தப்பு. எழுதித் தருகிறேன், பொறுமையாகப் படி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. தேசம்மா அண்ணியின் முகம்தான் வந்தது.

அண்ணியிடம் வருவதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததும் இப்போது இருப்பதும் லைட்ஹவுஸ் குப்பம். நர்சிங் படித்தேன், சென்னையில் சில வருடம் பிரசவ வார்டில் இரவும் பகலுமாக ஓடினேன், இடுப்பு ஒடிந்தது. ஒரு தோல் கிளினிக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தேன். முகச் சுருக்கத்துக்கு ஊசி போடுகிற இடம் என்று வீட்டில் சொன்னபோது அப்பா, நாங்கள் நைனா என்போம், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பில் புரையேறிவிட்டது அவருக்கு. அப்படியானால் நம் குப்பத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றார். வெயிலும் உப்புத் தண்ணீரும் எங்கள் முகத்தில் போட்ட கோடுகளை எண்ணி முடியாது என்பது உண்மைதான்.

கிளினிக் டாக்டரம்மாவுடையது. அவரிடம்தான் மிச்ச வேலைக்காலம் முழுவதும் இருந்தேன், சந்தோஷமாகவே இருந்தேன். சத்தம் போட மாட்டார். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். பேஷண்ட் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்க மாட்டார். நேற்று என்ன சமைத்தீர்கள், மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஆரம்பிப்பார். அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள். இவர் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டு அவர்கள் பேசுகிற முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்து, சிரிங்க, முறைங்க, புருவத்தைத் தூக்குங்க, விசில் அடிங்க என்பார். விசில் அடிக்கச் சொன்னால் எப்பேர்ப்பட்ட அதிகாரிக்கும் வெட்கம் வந்துவிடும். வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்.

"உங்க முகத்துக்கு என்ன வேலை?"

பலருக்கு இது புரியாது. ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு மட்டும் உடனே புரிந்தது. கண்ணை உருட்டுவதுதான் வேலை, உருட்டாவிட்டால் பசங்க தலைமேல் ஏறிவிடுவார்கள் என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இரண்டு புள்ளிகளை அழித்துவிட்டார்.

இப்போது ரேவதியின் கேள்விக்கு வருகிறேன். முகத்துக்குப் போடும் ஊசி எல்லாவற்றுக்கும் ஜனங்கள் போடாக்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம்கூட இல்லை. போடாக்ஸ் தசையைத் தூங்க வைக்கிற மருந்து. முறைக்கும்போதும் புருவத்தைத் தூக்கும்போதும் விழுகிற கோடுகளுக்கு அதுதான் சரி. தசை அசையாவிட்டால் தோல் மடியாது; தோல் மடியாவிட்டால் கோடு விழாது. ஃபில்லர் என்பது ஒரு ஜெல். முகம் சும்மா இருக்கும்போதே தெரிகிற பள்ளத்துக்கு, வற்றிப்போன கன்னத்துக்கு, அதைப் போட்டு நிரப்புவார்கள். இது போக, நம் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்து மேலே நிற்பதைத் தோலில் போடுவதும் உண்டு. அதை எல்லாரும் கேட்கிறார்கள், எல்லாருக்கும் பலிப்பதில்லை.

எங்கள் கைவேலையிலும் வித்தியாசம் இருக்கிறது. போடாக்ஸ் குப்பியில் பொடி அடியில் ஒட்டிக்கொண்டு, இருப்பதே தெரியாமல் இருக்கும். அதில் உப்புத் தண்ணீரைப் பீச்சக் கூடாது, குப்பியின் சுவரில் வழிய விட வேண்டும். குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். ஃபில்லர் போடும் நாளில் இன்னொரு சடங்கு. அந்த ஜெல்லைக் கரைக்கிற மருந்து தட்டில் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்பார். இருக்கிறது மேடம் என்றால் போதாது. எடுத்து அவர் கண்முன் காட்ட வேண்டும். எத்தனை வருடப் பழக்கமானாலும் காட்டித்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சல் ஒரே நாளில் போனது. பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருவருக்கு மூக்கோரத்து மடிப்பில் டாக்டரம்மா ஃபில்லர் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அந்த இடத்துத் தோல் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்தது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் தோல் செத்துப்போகும். டாக்டரம்மாவின் குரல் வழக்கத்தைவிட இன்னும் மெதுவானது.

"கஸ்தூரி, அந்தச் சின்னக் குப்பி" என்றார். அவ்வளவுதான்.

நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் போட்டார், தேய்த்தார், நான் வெந்நீர்த் துணி வைத்தேன், அவர் மறுபடி போட்டார். வெளுப்பு போய்ச் சிவப்பு வரும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை. நடந்ததை அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லி, தினமும் வரவழைத்துப் பார்த்து அனுப்பினார். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்ன ஒன்றைத்தான் ரேவதி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபில்லரில் ஆபத்து அதிகம், ஆனால் கரைக்க மருந்து உண்டு. போடாக்ஸில் ஆபத்து குறைவு, ஆனால் கரைக்க மருந்து கிடையாது. போட்டால் போட்டதுதான், மூன்று நான்கு மாதத்தில் அதுவாக இறங்கும்வரை அந்த முகத்தோடுதான் இருக்க வேண்டும்.

நானும் போட்டுக்கொண்டேனா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரே ஒரு முறை, கண்ணோரத்தில். வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. நல்ல ஊசிக்கு அதுதான் அடையாளம் என்று டாக்டரம்மா பெருமைப்பட்டுக்கொண்டார். சொந்தக் காசு போட்டிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

கடைசி வருடங்களில் டாக்டரம்மா பொன்னேரியில் புதன்கிழமை மட்டும் ஒரு கிளை திறந்தார். அந்தப் பக்கத்து ஆள் என்று என்னை அங்கே போட்டார். அதற்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். கல்யாணப் பெண்கள் வந்தார்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் வந்தார்கள், அரிசி மண்டி முதலாளி ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். ஒரு புதன்கிழமை தேசம்மா அண்ணி வந்து நின்றாள்.

தேசம்மா என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் தவறிப் பல வருடம் ஆகிறது. அவள்தான் தினமும் காலையில் பழவேற்காடு படகுத்துறைக்குப் போய், ஏலத்தில் எறா, அதாவது இறால், எடுத்து, பொன்னேரி மார்க்கெட்டுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்களுக்கும் அனுப்பி, பெண் பவித்ராவைப் படிக்க வைத்தாள். பவித்ராவுக்கு ஏரித் தீவான பசியாவரத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. அங்கேதான் வந்தது வினை.

அண்ணியின் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் உண்டு. விரல் வைத்தால் உள்ளே போகும், அவ்வளவு ஆழம். ஏரித்தண்ணீரில் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்து விழுந்தவை. அவள் சும்மா இருந்தாலும் யாரையோ திட்டப்போகிறவள் மாதிரி இருக்கும். குப்பத்தில் எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. நிச்சயதார்த்த வீடியோவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது புதிது. தட்டு மாற்றும்போதும் அண்ணியின் முகம் அப்படியே சிடுசிடுவென்று இருந்திருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லையா என்று ஒரு தடவை ஆள் விட்டுக் கேட்டார். அண்ணி சந்தோஷம்தான் என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பதிலைக் கொண்டுபோன ஆள், முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். மனசில்லாத வீட்டில் பெண் எடுத்தால் பின்னால் தினம் சண்டைதான், யோசிக்கணும் என்று அந்த அம்மா சொன்னதாகப் பதில் வந்தது. பவித்ரா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"நான் சந்தோஷமாத்தான் கீறேன் நாத்தனாரே. இந்த மொகம் ஒத்துக்க மாட்டேங்குது. அந்தக் கோட்டை எடுத்துடு" என்றாள் அண்ணி. யாருக்கும் தெரியக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போனேன். ஊசி என்றால் கோட்டில் எதையாவது போட்டு அடைத்துவிடுவது என்று அண்ணி நினைத்திருந்தாள், படகில் ஓட்டை அடைக்கிற மாதிரி. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். புருவங்களுக்கு நடுவே ஃபில்லர் போட மாட்டேன், அங்கே ஓடுகிற ரத்தக்குழாய் கண்ணுக்குப் போகிறது, தவறினால் பார்வையே போய்விடும் என்றார். அந்த இடத்துக்குப் போடாக்ஸ்தான். நெற்றிக் கோடுகளுக்கும் சேர்த்துப் போடலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அண்ணி முழு நெற்றியையும் இஸ்திரி போட்டுவிடுங்கள் என்றாள். அப்போது டாக்டரம்மா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

அண்ணி யோசிக்கவே இல்லை. "புருவத்தைத் தூக்குறதுதான் வேலை. அதாங்க எங்க ஏலம்" என்றாள்.

எங்கள் துறையில் ஏலம் கேட்பவர்கள் வாயைத் திறப்பதில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், பழைய பகை உள்ளவர்கள். வாய்விட்டு ஏற்றிக் கேட்டால் என் மேல் உள்ள வஞ்சத்தில் கேட்டாய் என்று அங்கேயே சண்டை மூளும். அதனால் ஏழுமலை மட்டும் விலையைச் சொல்லிக்கொண்டே போவான், அவன்தான் ஏலம் விடுகிறவன். வேண்டும் என்கிறவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். ஒரு தடவை தூக்கி உள்ளே வந்துவிட்டால் போதும், விலகும்வரை அவர் கணக்கில் உண்டு. எல்லாரும் விலகி யார் மிஞ்சுகிறாரோ அவருக்குச் சரக்கு.

இதை அண்ணி சொல்ல, டாக்டரம்மா ரசித்துக் கேட்டார். அப்படியானால் நெற்றியைத் தொட மாட்டேன், புருவம் தூக்குவதற்கு அந்தத் தசை வேண்டும் என்றார். வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

"வேணாம்னா சும்மா இருந்துடுவேன்" என்றாள் அண்ணி.

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தாள். நானும் முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், ஏலம் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. புருவங்களுக்கு நடுவே மட்டும் ஐந்து புள்ளி வைத்தார் டாக்டரம்மா. அண்ணி கண்ணை மூடி அம்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி முடிந்துவிட்டது. நாலைந்து நாளில் கோடு இளக ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் புருவங்களுக்கு நடுவே வழுவழுவென்று ஆனது. மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பார்க்க வந்தபோது அந்த அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் சம்பந்தி முகத்தில் தெளிவு வந்திருக்கிறது என்றாராம். கல்யாணத் தேதியும் உறுதியானது. பவித்ரா எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி என் வீட்டுக்குள் புயலாக நுழைந்தாள். ஏழுமலை ஏமாற்றிவிட்டான், கும்மிடிப்பூண்டி வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டான், அவன் குடும்பம் விளங்காது என்று கத்தினாள். கோபத்தை என் காதால்தான் கேட்க முடிந்தது. கண்ணால் பார்த்தால், கோயிலில் கற்பூரம் ஒற்றிக்கொண்டு வந்தவள் மாதிரி இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

நடந்தது இதுதான். பெரிய எறாவாக இரண்டு கூடை வந்திருக்கிறது. அண்ணி புருவத்தைத் தூக்கி உள்ளே போயிருக்கிறாள். விலை ஏறி, கட்டுப்படியாகாது என்று தோன்றியதும் அவள் மனசுக்குள் விட்டுவிட்டாள். ஏழுமலை அவள் முகத்தைப் பார்த்து இன்னும் ஏற்றினான். வியாபாரியும் சளைக்காமல் நின்றார். ஒரு கட்டத்தில் அவர் கழன்றுகொள்ள, சரக்கு அண்ணி தலையில் விழுந்தது. நான் எப்போதோ விட்டுவிட்டேனே என்று அவள் சொல்ல, துறையே சிரித்திருக்கிறது. அடுத்த கூடையிலும் அதே கதை. துறையின் வழக்கப்படி மறுக்க முடியாது, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"அவன் இன்னா சொல்றான் தெரியுமா? நீ சுளிக்கவே இல்லியே அக்கானு சொல்றான். நான் எதுக்குச் சுளிக்கணும்?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புருவத்தைத் தூக்குவது அவளுக்குத் தெரியும், அது வேண்டுமென்று செய்வது. வேண்டாம் என்று நினைத்தவுடன் அவள் நெற்றி தானாகச் சுளித்துக்கொள்ளும். அவள் சும்மா இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அந்த இரண்டு கோடுகள் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தன. ஏழுமலை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டார். கரைக்க முடியாது கஸ்தூரி என்றார். பிறகு, புதன்கிழமை ஏலத்துக்கு நான் வரலாமா என்று கேட்டார்.

வந்தார். சேற்றில் வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். கம்பெனியிலிருந்து வந்த மேடம் என்று ஆட்கள் வழிவிட்டார்கள். ஏழுமலை விலை சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்களின் புருவங்கள் ஏறுவதையும் நெற்றிகள் ஒவ்வொன்றாகச் சுளிப்பதையும் ஊசி போடும் நாளில் பார்க்கிற அதே கண்ணோடு பார்த்தார். அன்று அண்ணி ஏலத்துக்குள் போகவில்லை. ஓரமாக நின்றாள். எறா பிடிபடுகிற காலத்தில், கல்யாணம் நெருங்குகிற நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் கேட்டா போதும்னு நினைச்சேன். வந்து பார்த்திருக்கணும். மன்னிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா அவளிடம்.

"என் மொகம் எனக்கே தெரியல. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள் அண்ணி.

ஏழுமலையிடம் சொல்லிவிட்டால் ஏலம் சரியாகிவிடும். ஆனால் துறையில் ஒருவனிடம் சொன்ன செய்தி படகைவிட வேகமாகப் பசியாவரம் போய்ச் சேரும். சம்பந்தியம்மா பிடித்துப்போய்ச் சந்தோஷப்பட்ட முகம் ஊசியால் வந்தது என்று தெரிந்தால்? அண்ணி ஒரு நாள் பூராவும் யோசித்தாள். மறுநாள் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டு, தலைவலிக்கு ஊசி போட்டார்கள், நெற்றி மரத்துப்போச்சு, இனிமேல் வேண்டாம் என்றால் முந்தானையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொள்வேன் என்றாள். தலைவலிக்கும் அந்த ஊசியைப் போடுகிறார்கள் என்பதால் இது முழுப்பொய்யும் இல்லை. ஏழுமலை சரி அக்கா என்றான், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை அவன் மனைவி பொன்னேரி கிளினிக்குக்கு வந்து, எனக்கும் ரொம்ப நாளாகத் தலைவலி என்றாள். அதற்கடுத்த வாரம் எங்கள் குப்பத்திலிருந்து இன்னும் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தது. டாக்டரம்மா மூவரையும் பேச விட்டுப் பார்த்துவிட்டு, ஊசி போடாமலே திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து, வேலை செய்கிற இடத்தில் யாரையாவது விட்டு போனில் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினார். இப்போதும் அது நடக்கிறது. ரேவதி அதைத்தான் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஒரு தடவை என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எந்தப் போட்டோவிலும் அண்ணி அமைதியாக, அழகாக இருந்தாள். அவள் ஆசைப்பட்டது நடந்ததில் எனக்கும் பெருமைதான். மறுநாள் காலை பெண்ணைப் பசியாவரத்துக்கு அனுப்பப் படகுத்துறைக்குப் போனோம். படகில் சீர் சாமான்களை ஏற்றினார்கள், மாப்பிள்ளை ஏறினார், பவித்ரா ஏறப் போனவள் திரும்பித் தாயைக் கட்டிக்கொண்டாள். அண்ணி அழுதாள். கண்ணீர் கொட்டியது, உதடு துடித்தது. ஆனால் நெற்றி அசையவில்லை. கண்ணுக்குக் கீழே ஒருத்தி அழ, மேலே வேறொருத்தி சும்மா இருந்தாள். பார்க்கவே எனக்கு என்னவோ செய்தது.

பவித்ரா கையை எடுத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவள் ஜுரத்தில் படுத்தபோதும், தன் நைனா செத்தபோதும், பரீட்சைக்குப் போனபோதும் பார்த்த அந்த இரண்டு கோடுகளை அங்கே தேடினாள் என்று நினைக்கிறேன்.

"இன்னாம்மா, நான் போறது உனக்கு ஒண்ணுமே இல்லியா?" என்றாள் மெதுவாக. ஊசி விஷயம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

அண்ணி நெற்றியைச் சுளிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சட்டென்று கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் புருவங்களுக்கு நடுவே வைத்து, அந்தத் தோலைக் கிள்ளிச் சேர்த்துப் பிடித்தாள். கோடு இரண்டும் வந்தன.

"இந்தா, பாத்துக்கோ" என்றாள்.

பவித்ரா அழுதுகொண்டே சிரித்தாள். படகு கிளம்பித் தூரம் போகிறவரை அண்ணி அந்த விரல்களை எடுக்கவில்லை. என்னுடைய வேலைக்காலத்தில் எத்தனையோ நெற்றிகளை வழுவழுப்பாக்க உதவியிருக்கிறேன், பெரும்பாலும் அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். அன்றைக்குத்தான் ஒரு கோட்டுக்காக நான் அழுதேன்.

மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏலத்தின் நடுவில், அண்ணி முந்தானையில் கை வைப்பதற்கு முன்பே, ஏழுமலை தேசம்மாக்கா விட்டுட்டாங்க என்று சொல்லி அடுத்தவர் பக்கம் திரும்பியிருக்கிறான். அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்த சரக்கை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்து, தலை வாரிக்கொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு பசியாவரத்துக்குப் படகு ஏறினாள். போகிற வழியில், மறுபடி போட்டுக்கொள்கிறாயா அண்ணி என்று சீண்டினேன். கன்னத்துக்குப் போடுகிற அந்த இன்னொன்று எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டாள். ஆசை விடவில்லை அவளுக்கு.

பவித்ரா வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி அவள் முன்னால் போய் நின்று, இளைத்துப்போன மகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். கோடு இரண்டும் பழையபடி ஆழமாக விழுந்தன. பவித்ரா ஈரக்கையோடு எழுந்து அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளேயிருந்து வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சம்பந்தியம்மாவுக்கு எங்க மேல இன்னா கோவம்?" என்றார்.

பவித்ரா தாயின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள்.

"கோவம் இல்ல அத்தே. எங்கம்மா சந்தோஷமா இருந்தா இப்படித்தான் இருப்பாங்க" என்றாள்.